கோழிக் குடற்புழு: எந்த மருந்து, எவ்வளவு, எந்த வழியில் கொடுப்பது?

முற்றத்துச்சேவல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. மேயவிட்டு வளர்க்கும் கோழிகளுக்குப் புழு மருந்து தேர்ந்தெடுப்பதில் தெளிவு வேண்டும்.

பெரிய கோழிகள் 20. பெட்டைகள் சராசரியாக 1.8 கிலோ, சேவல்கள் 2.5 கிலோவுக்கு மேல். பத்து வாரமான வளர்குஞ்சுகள் 12, அவை 600 கிராம் அளவில் இருக்கின்றன. கூடவே இரண்டு வான்கோழிகள். தீவனத்தில் குறை வைக்கவில்லை. ஆனாலும் நாலைந்து பெட்டைகளுக்கு மார்பெலும்பு கூராகக் கைக்குத் தட்டுப்படுகிறது, கொண்டை வெளுத்திருக்கிறது, முட்டையும் குறைந்துவிட்டது. எச்சத்தில் அரிசிக்குருணை அளவில் வெள்ளைத் துண்டுகள் தெரிகின்றன. புது எச்சமாக இருந்தால் அவை லேசாக நெளிகின்றன.

கிடைக்கும் மருந்துகள்: பைபரசின், அல்பெண்டசோல், லெவாமிசோல், பென்பெண்டசோல், ஐவர்மெக்டின். எல்லாவற்றையும் ‘புழு மருந்து’ என்றுதான் கொடுக்கிறார்கள். இவற்றில் எது பொருந்தும்? தண்ணீரில் கலப்பதா, ஒவ்வொன்றாகப் பிடித்து வாயில் விடுவதா? முட்டையைச் சாப்பிடலாமா? பூண்டு, வேப்பிலை, பூசணி விதை போதும் என்றும் சொல்கிறார்கள், அது உண்மையா?

ஈரக்கூளம்

மருந்துப் பெயர்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்தப் புழு என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பட்டியலுக்கே வர வேண்டும். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. நெளிகிற வெள்ளைத் துண்டு என்றால் அது நாடாப்புழுவின் உடல் கண்ணி. குடலில் ஒட்டியிருக்கும் புழு தன் வால்பக்கத்துக் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எச்சத்தோடு அனுப்புகிறது. ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் முட்டைகள் இருக்கும். இதற்குப் பைபரசின் கொடுத்தால் நாடாப்புழுவுக்கு ஒன்றுமே ஆகாது. லெவாமிசோலும் ஐவர்மெக்டினும் அப்படித்தான்.

மேய்கிற கோழியிடம் ஒரே வகைப் புழு மட்டும் இருப்பது அபூர்வம் என்பதையும் நினைவில் வையுங்கள். அடிக்கடி வருவது பெரிய உருளைப்புழு, அஸ்காரிடியா. சிறுகுடலில் இருக்கும், வெள்ளையாக, தடித்த நூல் போல, பெண்புழு 10 செ.மீ. தாண்டியும் வளரும். அதிகமாகிவிட்டால் குடலையே அடைத்துவிடும். எச்சத்தில் முழுப் புழுவாக விழுவது பெரும்பாலும் இதுதான். எப்போதாவது முட்டைக்குள் புழு கிடந்ததாகக் கேள்விப்படுவீர்கள், அதுவும் இதுவே. எச்சத்துளை வழியாகக் கருக்குழாய்க்குள் ஏறிப் போயிருக்கும்.

அடுத்தது குருட்டுக்குடல் புழு, ஹெட்டராகிஸ். ஒன்று, ஒன்றரை செ.மீ. நீளம்தான். கோழிக்கு இதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் உங்களிடம் வான்கோழி இருப்பதால் இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் புழுவின் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச்செல் உயிரி ஒளிந்திருக்கும். கோழி அதைத் தாங்கிக்கொள்ளும். வான்கோழிக்கு அது கல்லீரலையும் குருட்டுக்குடலையும் அழித்துவிடும். எச்சம் கந்தக மஞ்சளாக மாறும், பறவை தலை தொங்கி நிற்கும், பெரும்பாலும் செத்துவிடும். அதைக் குணப்படுத்த நம்பகமான மருந்து பல நாடுகளில் அனுமதியிலேயே இல்லை. ஆகவே வான்கோழியைக் கோழி மேய்ந்த மண்ணில் விடாமல் தனி இடத்தில் வைப்பது எந்தப் புழு மருந்தைவிடவும் முக்கியம். மண்புழு அந்த முட்டைகளைத் தின்று உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கோழியை அப்புறப்படுத்தி வருடங்கள் ஆனாலும் அந்த மண்ணை நம்ப முடியாது.

முடிப்புழு, அதாவது கேபில்லாரியா, கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் கோழியை அதிகம் வாட்டுவது இதுதான். குடல் சுவருக்குள் புதைந்து அழற்சியை உண்டாக்கும். கோழி குறுகி உட்காரும், கழியும், மளமளவென்று இளைக்கும். இதன் சில வகைகள் தீனிப்பையிலும் உணவுக்குழாயிலும்கூட இருக்கும். எல்லா மருந்தும் இதைத் தொடுவதில்லை.

மூச்சுக்குழல் புழு, சின்காமஸ், இளங்குஞ்சுகளின் தொல்லை. குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறும், தலையை உதறும். சளி நோய் என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், குஞ்சு தேறாது. சந்தேகமாக இருந்தால் இறந்த குஞ்சின் மூச்சுக்குழாயை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். ஆணும் பெண்ணும் பிரியாமல் இணைந்தே இருப்பதால் கவட்டை வடிவில் சிவப்புப் புழு தெரியும்.

கடைசியாக ஒன்று. வளர்குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் கண்டால் அதைப் புழு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல், காக்சிடியா. அது புழுவே இல்லை, மேலே உள்ள ஐந்து மருந்தும் அதற்கு வேலை செய்யாது. ஆம்ப்ரோலியம் அல்லது டோல்ட்ராசுரில் வேண்டும். 20 சதவீத ஆம்ப்ரோலியம் பொடி என்றால் லிட்டருக்கு 0.6 கிராம், கடுமையாக இருந்தால் 1.2 கிராம், 3 முதல் 5 நாள். அந்த நாட்களில் பி1 சேர்ந்த வைட்டமின் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.

தராசுத்தட்டு

நண்பர் புழுவைச் சொல்லிவிட்டார், நான் மருந்துக்கு வருகிறேன். அளவு எல்லாமே உடல் எடைக்கு மில்லிகிராம் கணக்கில்தான் சொல்வேன். ‘ஒரு கோழிக்கு இத்தனை மி.லி.’ என்று யாராவது சொன்னால் முதல் கேள்வி, எத்தனை சதவீதக் கரைசல்?

பைபரசின்: பெரிய உருளைப்புழுவுக்கு மட்டும். புழுவைச் செயலிழக்க வைக்கிறது, குடல் அசைவு அதை வெளியே தள்ளுகிறது. முதிர்ந்த புழுவைத்தான் பிடிக்கும், குடல் சுவருக்குள் இருக்கும் இளம்புழு தப்பிவிடும். எனவே 2 முதல் 3 வாரத்தில் மறுபடி கொடுக்காவிட்டால் முதல் டோஸ் வீண். சிட்ரேட், ஹைட்ரேட் என்று உப்பு வகை மாறும்போது கிராம் கணக்கும் மாறும். லேபிளில் எந்த உப்பு என்று பார்த்துவிட்டு அதில் உள்ளபடி மட்டும் கொடுங்கள்.

லெவாமிசோல்: உருளைப்புழு, குருட்டுக்குடல் புழு, மூச்சுக்குழல் புழு, ஓரளவு முடிப்புழு. கிலோவுக்கு 20 முதல் 25 மி.கி., ஒரே நாள். தண்ணீரில் நன்றாகக் கரையும், அது பெரிய வசதி. ஆனால் கசக்கும். அளவு மிஞ்சினால் கோழி தள்ளாடும், எச்சில் வடியும். மிகவும் மெலிந்த கோழிக்கு வேண்டாம். பைரான்டெல் என்ற இன்னொரு புழு மருந்து கலந்ததோடு சேர்க்கவே கூடாது, இரண்டும் நரம்பில் ஒரே இடத்தில் வேலை செய்வதால் நச்சுத்தன்மை கூடிவிடும்.

பென்பெண்டசோல்: கோழிக்கென்றே தண்ணீரில் கலக்கத் தயாரித்த வடிவம் இருக்கிறது. கிலோவுக்குத் தினம் 1 மி.கி., தொடர்ந்து 5 நாள். உருளைப்புழுவுக்கும் குருட்டுக்குடல் புழுவுக்கும் நம்பகமானது, கோழிக்கு மிகவும் பாதுகாப்பானது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் வரும் சாதாரண சஸ்பென்ஷனை (மருந்துத் துகள் கரையாமல் கலந்திருக்கும் திரவம்) தண்ணீரில் ஊற்றி அதே பலனை எதிர்பார்க்காதீர்கள். அது அடியில் படிந்துவிடும். இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும் நேரத்தில் அதிக அளவு போனால் இறகு கோணலாக வளரும். புறா வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும், புறாவுக்கு இது நச்சாக அமைந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

புளுபெண்டசோல் கிடைக்கும் ஊரில் இருந்தால் தீவனத்தில் கலக்க அதுதான் முதல் தேர்வு. 1 சதவீதப் பொடி என்றால் ஒரு கிலோ தீவனத்துக்கு 3 கிராம், 7 நாள்.

அல்பெண்டசோல்: உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது இதுதான். உருளைப்புழுக்களைக் குறைந்த அளவிலேயே பிடிக்கும். முடிப்புழுவுக்கு 10, நாடாப்புழுவுக்கு 20 மி.கி. என்று கிலோ கணக்கில் ஏற்ற வேண்டும். ஆக, கிலோவுக்கு 20 மி.கி. என்று வைத்தால் உங்கள் மந்தையில் இருக்கக்கூடிய பெரும்பாலான புழுக்களுக்கும் சேர்த்து ஆகிவிடும். வளரும் கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால் அடைக்கு வைக்கப்போகும் முட்டையிடும் பெட்டைக்கு வேண்டாம். கொடுப்பவர் கர்ப்பிணியாக இருந்தால் இதைக் கையாளாமல் இருப்பதே நல்லது.

பிராசிகுவான்டெல்: உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் நாடாப்புழுவுக்கென்றே உள்ள மருந்து. கிலோவுக்கு 10 மி.கி., ஒரு தடவை. 2 வாரத்தில் ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். வேறு புழுவைத் தொடாது.

ஐவர்மெக்டின்: செள், உண்ணி என்று வெளி ஒட்டுண்ணிகளுக்காகத் தேடப்படுவது. கோழிக் குடல் புழுவுக்குப் பலவீனமான மருந்து. முட்டையிலும் தங்கும். இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

இவற்றில் எது முட்டைக்கோழிக்கு அனுமதிக்கப்பட்டது என்பது நாட்டுக்கு நாடு மாறும். அனுமதி இல்லாத மருந்தைக் கால்நடை மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

முற்றத்துச்சேவல்

மிக்க நன்றி இருவருக்கும். கையில் உள்ள அல்பெண்டசோல் பாட்டிலில் 2.5 சதவீதம் என்றிருக்கிறது. இன்னொரு பாட்டில் 10 சதவீதம். ஒரு கோழிக்கு 1 மி.லி. என்று பலரும் சொல்கிறார்கள். இரண்டுக்குமே 1 மி.லி. தானா?

தராசுத்தட்டு

இல்லவே இல்லை, அதிகமாகத் தப்பு நடக்கும் இடமே இதுதான். 2.5 சதவீதம் என்றால் 100 மி.லி.யில் 2.5 கிராம், அதாவது ஒரு மி.லி.யில் 25 மி.கி. 10 சதவீதம் என்றால் ஒரு மி.லி.யில் 100 மி.கி. சதவீத எண்ணைப் பத்தால் பெருக்கினால் மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று வந்துவிடும், வேறு சூத்திரம் வேண்டாம்.

உங்கள் 1.8 கிலோ பெட்டைக்கு 1.8 × 20 = 36 மி.கி. தேவை. 2.5 சதவீத மருந்தில் அது 1.44 மி.லி., 10 சதவீதத்தில் 0.36 மி.லி. 600 கிராம் குஞ்சுக்கு 12 மி.கி., அதாவது 2.5 சதவீதத்தில் 0.48 மி.லி. 2.6 கிலோ சேவலுக்கு 52 மி.கி., 2.08 மி.லி. எல்லாவற்றுக்கும் ‘1 மி.லி.’ என்று 2.5 சதவீதத்தில் ஊற்றினால் சேவலுக்குப் பாதியும் போகாது, குஞ்சுக்கு இரண்டு மடங்கு போகும். அதையே 10 சதவீதத்தில் ஊற்றினால் குஞ்சுக்கு எட்டு மடங்கு.

குறைவாகப் போவதும் கெடுதல்தான். புழு சாகாமல் மருந்தை ருசி பார்த்துவிட்டுத் தப்பும், தப்பியவையே முட்டையிடும். வான்கோழியின் உருளைப்புழுவில் பென்பெண்டசோலுக்கு எதிர்ப்பு உருவாகி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. கோழி மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, இவையும் கைவிட்டுப் போனால் வேறு கதி இல்லை.

எனவே எடை பார்க்காமல் மருந்தைத் திறக்காதீர்கள். கோழியைத் துணிப்பையில் தலை மட்டும் வெளியே இருக்கும்படி போட்டுத் தொங்கு தராசில் மாட்டினால் சில நொடி வேலை. எல்லாவற்றையும் எடை போட முடியாவிட்டால் பெரிது, நடுத்தரம், சின்னது என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் இருப்பதில் கனமானதன் எடைக்குக் கணக்குப் போடுங்கள். அல்பெண்டசோலில் அந்தச் சிறு கூடுதல் தாங்கும். லெவாமிசோலில் அப்படி விளையாடாதீர்கள்.

நீர்த்தொட்டி

கொடுக்கும் வழியைப் பற்றி. உங்களுடையது 32 கோழி, அதிலும் எடை வித்தியாசம் அதிகம், மருந்தோ சஸ்பென்ஷன். எனவே வாய்வழி தனித்தனியாகத்தான்.

ராத்திரி இருட்டில் கோழிகள் அடைந்த பிறகு பிடித்தால் அடித்துக்கொள்ளாது. ஊசி கழற்றிய 1 அல்லது 2 மி.லி. சிரிஞ்சு எடுங்கள். பாட்டிலை ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்பும் குலுக்குங்கள். ஒரு தடவை குலுக்கி வரிசையாகப் பத்துக் கோழிக்குக் கொடுத்தால் நடுவில் வரும் கோழிக்கு வெறும் நீர், கடைசிக்கு அடிக்கசடு என்றாகிவிடும். கோழியை அக்குளில் அணைத்துக்கொண்டு, இடது கை ஆள்காட்டி விரலால் அலகின் பக்கவாட்டைத் திறந்து, மருந்தைக் கன்னப்பக்கமாக அரை மி.லி. அரை மி.லி.யாக விடுங்கள். விழுங்கியதும் அடுத்தது. நாக்கு தொடங்கும் இடத்துக்குப் பின்னால், நடுவில் திறந்து மூடும் துளை ஒன்று தெரியும், அது மூச்சுக்குழாய் வாசல். அங்கே பீய்ச்சினால் மருந்து நுரையீரலுக்குப் போய் கோழி சில நிமிடத்தில் சாகலாம். தலையை மேலே அண்ணாந்து பிடித்து ஊற்றுகிறவர்கள் செய்யும் தப்பு இதுதான். கொடுத்த கோழியின் காலில் ஒரு நூல் கட்டிவிடுங்கள், யாருக்குக் கொடுத்தோம் என்ற குழப்பம் வராது.

பிராசிகுவான்டெல் மாத்திரையாகத்தான் கிடைக்கும். 50 மி.கி. மாத்திரை ஒன்றைப் பொடித்து 5 மி.லி. தண்ணீரில் கலக்கினால் மி.லி.க்கு 10 மி.கி. ஆகும், 1.8 கிலோ பெட்டைக்கு 1.8 மி.லி. இதுவும் கரையாது, குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நாய்க்கு வரும் மாத்திரைகளில் பைரான்டெல், பெபான்டெல் எல்லாம் சேர்ந்திருக்கும். தனி பிராசிகுவான்டெலா என்று உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

லெவாமிசோல் போலக் கரையும் மருந்தைத் தண்ணீரில் கொடுப்பதானால், மருந்தின் மொத்த அளவைக் கோழிகள் அரை நாளில் குடித்து முடிக்கும் தண்ணீரில் கலக்க வேண்டும். ஒரு பெரிய கோழி மிதமான காலத்தில் நாளுக்கு 200 மி.லி. அளவில் குடிக்கும். 20 கோழி, மொத்த எடை 36 கிலோ என்றால் 36 × 20 = 720 மி.கி. மருந்து. 10 சதவீதப் பொடியாக இருந்தால் 7.2 கிராம், அதை 2 லிட்டரில் கரையுங்கள். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீரை எடுத்துவிட்டு, பிறகு மருந்துத் தண்ணீர் மட்டும். முடிந்ததும் சாதாரணத் தண்ணீர். அன்றைக்கு மேயவிடாதீர்கள். மேய்ச்சலில் குட்டை, சாக்கடை, குழாயடி ஈரம் எங்கே இருந்தாலும் கோழி அதைத்தான் முதலில் குடிக்கும், கசப்புத் தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காது. நோயுற்ற கோழி குறைவாகக் குடிக்கும், மருந்து அதிகம் தேவைப்படுவதும் அதற்குத்தான். தண்ணீர் வழியின் மாறாத குறை இது.

தீவனத்தில் பொடி கலப்பவர்கள் மூட்டைக்குள் நேராகக் கொட்டாதீர்கள். முதலில் ஒரு கைப்பிடித் தீவனத்தில் சில துளி எண்ணெய் விட்டுப் பொடியைப் பிசிறுங்கள். அதை ஒரு கிலோவில், அந்த ஒரு கிலோவை மீதியில். எண்ணெய் இல்லாவிட்டால் பொடி முழுக்க பாத்திரத்தின் அடியில் நின்றுவிடும்.

முட்டை பற்றி: லேபிளில் முட்டைக்கு எத்தனை நாள் விலக்கு, அதாவது மருந்துக்குப் பின் எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று பாருங்கள். கோழிக்கென்று அனுமதிக்கப்பட்ட தண்ணீர் வடிவப் பென்பெண்டசோலுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் முட்டைக்கு விலக்கு நாள் பூஜ்யம். அந்தச் சலுகை அந்த மருந்துக்கும் அந்த அளவுக்கும் மட்டும். மாட்டு மருந்தைப் பத்து மடங்கு அளவில் கொடுத்துவிட்டு அதையே சொல்லிக்கொள்ள முடியாது. லேபிளில் முட்டை என்ற சொல்லே இல்லாவிட்டால் அந்த முட்டை சாப்பிட அனுமதி என்று பொருள் இல்லை, யாரும் ஆராய்ந்து எழுதவில்லை என்று பொருள். மஞ்சள்கரு சினைப்பையில் வேகமாக வளர்வதற்குச் சுமார் 10 நாள் ஆகிறது. இன்று ரத்தத்தில் இருக்கும் மருந்து அடுத்த வாரம் இடப்போகும் முட்டையில் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. கோழி தேறிவிட்டது, முட்டை சுத்தம் என்று நினைப்பது தவறு. எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள், அதுவரை முட்டையை மற்ற விலங்குக்கும் போடாமல் புதையுங்கள்.

மண்வெட்டி

மருந்தைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று, மண்ணைப் பற்றி யாரும் இன்னும் சரியாகப் பேசவில்லை. மருந்து கோழிக்குள் இருக்கும் புழுவை மட்டும் கொல்லும். மண்ணில் கிடக்கும் முட்டையை எந்த மருந்தும் தொடாது, சாதாரணக் கிருமிநாசினியும் தொடாது. உருளைப்புழு முட்டையின் ஓடு அவ்வளவு தடிப்பு. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் எச்சத்தில் விழுந்த முட்டை இரண்டு, மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். நிழலும் ஈரமுமான மண்ணில் மாதக்கணக்கில், ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். கோழி அதைக் கொத்தி விழுங்கி, அது வளர்ந்து முட்டையிட 5 முதல் 8 வாரம். மருந்து கொடுத்த இரண்டே மாதத்தில் திரும்பப் புழு என்றால் மருந்து சரியில்லை என்று உடனே பழி போடாதீர்கள், பட்டி மண்ணைப் பாருங்கள்.

மருந்து கொடுத்ததும் 24 முதல் 48 மணி நேரம் கோழிகளை அடைத்து வையுங்கள். தரையில் தார்ப்பாய் அல்லது பழைய சாக்கு விரித்து, அதில் விழும் எச்சம், புழு எல்லாவற்றையும் எடுத்து எரியுங்கள், அல்லது சூடேறும் உரக்குழியின் நடுவில் போடுங்கள். பிறகு கோழி இதுவரை அதிகம் நிற்காத பக்கமாக மேயவிடுங்கள். மருந்து கொடுத்துவிட்டு அதே இடத்தில் மேயவிட்டால் அது வெளியே தள்ளிய முட்டையை அதுவே தின்னும்.

முட்டையைக் கொல்வது வெயிலும் வறட்சியும்தான். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி எப்போதும் ஈரமாக இருக்கும் வட்டம், கோழி அடையும் கம்பத்தின் அடி, தீனித்தொட்டியின் நிழல் ஆகிய மூன்று இடங்களில்தான் புழு முட்டை குவிந்திருக்கும். பாத்திரத்தைக் கம்பித்தட்டின் மேல் தூக்கி வையுங்கள். அடையும் இடத்தில் எச்சத்தட்டு போட்டுத் தினமும் வழித்தெடுங்கள். மேல்மண்ணை மூன்று விரல் ஆழம் சுரண்டி மாற்றுங்கள். ஆழ்கூளம் (தரையில் தடிப்பாகப் பரப்பிய உமி, மரத்தூள்) என்றால் கட்டி தட்டிய ஈரக் கூளத்தை உடனே அகற்றிக் காய்ந்ததைக் கொட்டுங்கள். புல் முழங்காலளவு வளர விடாமல் வெட்டுங்கள், வெயில் தரையில் பட வேண்டும். இடம் இருந்தால் மேய்ச்சலைத் தடுப்பு வைத்து மூன்று, நான்காகப் பிரித்து மாற்றி மாற்றி விடுங்கள்.

நாடாப்புழுவுக்குக் கதை வேறு. அதன் முட்டையைக் கோழி நேராகத் தின்றால் ஒன்றும் ஆகாது. நடுவே ஒரு பூச்சி வேண்டும். சில வகைகளுக்கு எறும்பு, சிலவற்றுக்கு சாண வண்டு, ஈ, இன்னும் சிலவற்றுக்கு நத்தை. அந்தப் பூச்சி கண்ணியைத் தின்ன, பூச்சியைக் கோழி தின்ன, சுற்று முழுமையாகிறது. எனவே உங்கள் பட்டியில் எறும்புப் புற்று, எச்சக் குவியலில் வண்டு, ஈமொய்க்கும் சாணம் எங்கே இருக்கிறது என்று இன்றே சுற்றிப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் எந்த மருந்தைக் கொடுத்தாலும் மூன்று வாரத்தில் கண்ணி மறுபடி தெரியும். பூச்சிக்கொல்லியைப் பட்டிக்குள் தெளிக்காதீர்கள், செத்த பூச்சியைக் கோழி தின்னும். எச்சத்தை அகற்றுவதுதான் சரியான வழி.

குஞ்சுகளைப் பெரிய கோழிகளோடு ஒரே மண்ணில் விடாதீர்கள். பெரிய கோழிக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும், முட்டையை மட்டும் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். மூன்று மாதத்துக்கு உட்பட்டவைதான் அதில் மெலியும்.

கண்ணாடித்துண்டு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பதை நான் ஏற்கவில்லை. குஞ்சுக்கு 8 வாரத்தில் ஒரு தடவை, முட்டையிடத் தொடங்கும் முன் 16 வாரத்தில் ஒரு தடவை, தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன் என்று திட்டமிடுவது சரி, அதில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகு எச்சத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு நுண்ணோக்கி, பத்து மடங்கு பொருள்வில்லை போதும். வெந்நீரில் சமையல் உப்பைக் கரையாமல் அடியில் தங்கும் வரை போடுங்கள், லிட்டருக்கு 360 கிராம் அளவில் பிடிக்கும். ஆறவிட்டு மேல்நீரை எடுங்கள். பத்துக் கோழியாவது விட்ட புது எச்சத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து 3 கிராம். அதில் பிசுபிசுப்பான கரும்பழுப்பு எச்சமும் சேரட்டும், அது குருட்டுக்குடலிலிருந்து வருவது. இந்த 3 கிராமை 42 மி.லி. உப்புநீரில் மசித்து டீ வடிகட்டியில் வடித்து, சின்னக் குழாயில் விளிம்புக்கு மேல் முட்டி நிற்கும்வரை ஊற்றிக் கவர்ஸ்லிப்பை (மெல்லிய கண்ணாடிச் சில்லு) மேலே வைத்து 15 நிமிடம் விடுங்கள். கவர்ஸ்லிப்பை நேராகத் தூக்கி ஸ்லைடில் வையுங்கள். முட்டைகள் மிதந்து அதில் ஒட்டியிருக்கும். நேரம் நீடித்தால் உப்பு முட்டையைச் சுருக்கிவிடும், அரை மணிக்குள் பார்த்துவிடுங்கள். எச்சத்தை அன்றே பார்க்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்கலாம், உறைய விடக்கூடாது.

வழவழப்பான நீள்வட்டம் என்றால் பெரிய உருளைப்புழு அல்லது குருட்டுக்குடல் புழு, இரண்டின் முட்டையையும் பிரித்துச் சொல்வது கடினம். இரண்டு முனையிலும் மூடி வைத்த எலுமிச்சை வடிவம் என்றால் முடிப்புழு. நாடாப்புழு இதில் அனேகமாகத் தெரியாது, முட்டைகள் கண்ணிக்குள்ளேயே பூட்டிக் கிடப்பதால். எனவே ‘சோதனையில் ஒன்றுமில்லை’ என்று வந்தாலும் எச்சத்தில் கண்ணி தெரிந்தால் நாடாப்புழு இருக்கிறது என்றே முடிவு.

எண்ணிக்கை வேண்டுமானால் மெக்மாஸ்டர் தட்டு, அதாவது முட்டை எண்ணுவதற்குக் கோடு போட்ட இரண்டு அறைத் தட்டு வாங்குங்கள். அதே 3 கிராம், 42 மி.லி. கலவையில் இரண்டு அறைகளிலும் தெரியும் முட்டைகளைக் கூட்டி 50ஆல் பெருக்கினால் ஒரு கிராம் எச்சத்தில் உள்ள முட்டை எண்ணிக்கை.

பூண்டு, வேப்பிலை, பூசணி விதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வினிகர், டயடம் மண் (நுண்பாசி ஓடுகளின் பொடி) என்றும் சிலர் சொல்வார்கள். கோழி விரும்பித் தின்றால் கொஞ்சம் போடுங்கள். புழு குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும்படி சான்று பலமாக இல்லை. ஏற்கெனவே மெலிந்து கொண்டை வெளுத்த கோழிக்கு இவற்றைக் கொடுத்துக் காத்திருப்பது அந்தக் கோழியைக் கைவிடுவதுதான். டயடம் மண்ணைத் தூவும்போது தூசி உங்கள் நுரையீரலுக்கும் கோழியின் நுரையீரலுக்கும் போகும், அதையும் யோசியுங்கள்.

முற்றத்துச்சேவல்

அருமை. வான்கோழிகளை இன்றே பிரித்துவிடுகிறேன், தராசும் ஏற்பாடு. ஒரு சந்தேகம் மட்டும்: மருந்து வேலை செய்ததா என்று எப்படி உறுதி செய்வது? மிகவும் மெலிந்த அந்த நாலைந்து பெட்டைகளுக்கும் இதே டோஸ்தானா?

ஈரக்கூளம்

மெலிந்தவற்றுக்கு அவற்றின் இப்போதைய எடைக்கு, முழு டோஸ். ஆனால் முதலில் இரண்டு நாள் தனியே வைத்து ஈரத்தீவனமும் எலக்ட்ரோலைட் தண்ணீரும் கொடுத்துத் தெம்பேற்றுங்கள். புழு மிக அதிகமாக இருந்து ஒரே நேரத்தில் எல்லாம் கழன்றால் உருளைப்புழுக் கட்டி குடலை அடைக்கலாம். தீனிப்பை காலியாகவே ஆகாமல் நிற்கிறதா, எச்சம் வராமல் இருக்கிறதா என்று கொடுத்த மறுநாள் பாருங்கள், அப்படியானால் மருத்துவரிடம் உடனே. அந்தப் பெட்டைகளில் ஒன்று செத்துவிட்டால் வீணாகப் புதைக்காமல் குடலை நீளமாக வெட்டி ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அலசிப் பாருங்கள். எந்தப் புழு, எவ்வளவு என்று கண்ணெதிரே தெரியும். எச்சச் சோதனையில் நழுவும் முடிப்புழுகூட வழித்த சளியை உருப்பெருக்கியில் பார்த்தால் அகப்படும்.

கண்ணாடித்துண்டு

உறுதி செய்ய வழி எண்ணிப் பார்ப்பதுதான். மருந்துக்கு முன் ஒரு எண்ணிக்கை, மருந்து கொடுத்து 10 முதல் 14 நாளில் அதே அளவு எச்சத்தில் இன்னொன்று. முன்னே 800, பின்னே 40 என்றால் 95 சதவீதம் போய்விட்டது, நல்ல பலன். 90 சதவீதத்துக்குக் கீழே என்றால் முதலில் எடையும் சதவீதக் கணக்கும் சரியா என்று பாருங்கள், பாட்டில் காலாவதியா, குலுக்கினீர்களா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் மருந்துக்கு எதிர்ப்பு வந்திருக்கலாம். அப்போது அல்பெண்டசோலை விட்டுப் பென்பெண்டசோலுக்கு மாறிப் பயனில்லை, இரண்டும் ஒரே குடும்பம். லெவாமிசோல் போல வேறு வகைக்குத் தாவ வேண்டும். நாடாப்புழுவுக்கு எண்ணிக்கை கிடைக்காது என்பதால், 3 வாரம் கழித்து தொடர்ந்து சில நாள் காலையில் அடையும் தட்டில் புது எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பாருங்கள். கண்ணி தெரிந்தால் பிராசிகுவான்டெல், அதோடு மண்வெட்டி சொன்ன எறும்பு வேட்டை.